கிளீனர் பக்கம்

"கிளீனர் எங்கப்பா? கிளீனரக் கூப்பிடுங்க" என்று அப்பாவின் லாரி நிற்கும் ஷெட்டுக்குள்ளிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தபோது மூத்தவள் வாடகை நாற்காலிகளைச் சுமந்துகொண்டு வாசலைக் கடந்துகொண்டிருந்தாள். ஏழெட்டு நாற்காலிகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகியவை. அப்படியே இறக்கி வைத்துவிட்டு, "இதோ வர்றேண்ணே" என்றாள்.

இரண்டு அடிகூட வைக்கவில்லை. சமையலறைப் பக்கத்திலிருந்து தம்பி மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனாள். "என்னண்ணே, கத்தியா? மேல் தட்டுல ரோலர் பக்கத்துல இருக்கு."

"அதான் தேடுறேன் கிளீனரம்மா" என்றார் பெயிண்டர். பிறகு மூத்தவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எதுக்கும்மா அலையிறீங்க? போய் அப்பா பக்கத்துல உக்காருங்க."

மூத்தவள் நாற்காலிகளைத் திரும்பத் தூக்கவில்லை. அங்கேயே நின்றாள். உள் அறையில் அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்கிறார், விடிகாலையில் வந்து இறங்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டிய அளவு அழுதாயிற்று. இப்போது வந்தது வேறு அழுகை. அதற்குச் சாவு வீட்டில் இடமில்லை என்று அவளுக்கே தெரிந்ததால் அதை விழுங்கிக்கொண்டாள்.

அந்தப் பெயர் அவளுடையது. ஐந்து வயதில் அப்பா வைத்தது. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் லாரியின் இடதுபக்க சீட்டில் தலையணை போட்டு அவளை ஏற்றிக்கொள்வார். எடைமேடைக்காரர், டயர் கடைக்காரர், டீக்கடைக்காரர் எல்லாரிடமும் "நம்ம வண்டிக்குப் புது கிளீனர்" என்று முகம் மாறாமல் அறிமுகம் செய்வார். தம்பிக்கு லாரி வாசனை பட்டாலே வாந்தி வரும், அதனால் அந்தப் பதவிக்குப் போட்டியே கிடையாது. நாற்பது வருஷமாகப் பட்டா போட்டு வைத்திருந்த பெயர். ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரோ வேலி போட்டுவிட்டார்கள்.

அப்பா நேற்றுக் காலை ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்காமலேயே போய்விட்டார். பக்கத்தில் இருந்தது தம்பி மனைவி. அதுவும் அவளுக்கே கிடைத்திருக்கிறது.

தம்பி ஷெட் வாசலில் நின்று போனில் வேன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். போனைப் பொத்திக்கொண்டு, "அக்கா, வேனே சொல்லிரலாம்க்கா" என்றான்.

"அப்பா என்ன சொல்லியிருந்தாரு?"

"அம்மா பக்கத்துல அடக்கம் பண்ணணும், இந்த வண்டிலதான் கொண்டு போகணும். ரெண்டு தடவ சொன்னாரு. ஆனா கிளீனர் பக்கத் தரை இன்னும் வெறும் தகரமா கெடக்கு. அதுக்கு நேர் கீழதான் சைலன்சர் பைப்பு போகுது. நாப்பது கிலோமீட்டர் போகணும். பத்து தாண்டினாலே கால் வைக்க முடியாது."

"வேன வேண்டான்னு சொல்லு" என்றாள் மூத்தவள். "நான் முடிச்சுத் தர்றேன்."

சும்மா சொல்லவில்லை. அது அவள் தொழில். மீன், பழம், மருந்து என்று கெட்டுப்போகிற சரக்குகளுக்குக் குளிர் அறை கட்டும் கம்பெனியில் எந்தச் சுவருக்கு எத்தனை அங்குலம், எந்தக் கதவுக்கு எந்த ரப்பர் என்று முடிவு செய்கிறவள் அவள்தான். விரல் நுழைகிற சந்து ஒன்று இருந்தால் முழு அறையும் வீண் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பாள். அப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு அப்பா மூன்று வருஷமாக அந்த லாரியை நிமிர்த்தி, கேபினுக்குள் சூடும் சத்தமும் வராமல் ஒட்டியிருக்கிறார். அதையும் பிளவுஸ் தைக்கிற மருமகளைக் கேட்டுக் கேட்டு.

லாரி முன்னே நீண்ட மூக்கோடு பச்சை நிறத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது. அப்பா ஓட்டி, விற்று, பிறகு ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்த அதே வண்டி. மூத்தவள் இடதுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம், பாத்திர அலமாரி சரிந்து விழுந்த மாதிரி இருக்கும். இப்போது தலையணை விழுந்த மாதிரி இருந்தது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இந்தக் கேபினுக்குள் அந்தக் காலத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இஞ்சின் போட்டால் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அப்பாவும் அவளும் தட்டிப் பேசினார்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவே, கியர் கம்பியை ஒட்டி மேடாக எழும்பி நிற்கும் தகரத்தில் விரல் முட்டியால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் வெளியே பார். இரண்டு என்றால் இருக்கிறேன். மூன்று என்றால் முழித்திருக்கிறாயா. மூன்றைத் தட்டுவது பெரும்பாலும் அவள்தான். சாப்பிட்ட பிறகு மத்தியான வெயிலில் அப்பாவுக்குக் கண் சொருகும், அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது கிளீனர் வேலை. மூன்று தட்டிவிட்டுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பாள். டொக் டொக் என்று பதில் வந்து அது கையில் அதிர்ந்தால்தான் மறுபடி வேடிக்கை பார்ப்பாள்.

மறுபக்கக் கதவைத் திறந்து தம்பி மனைவி ஏறினாள். கையில் கத்தரித்த செய்தித்தாள்கள், ஒரு பலகை, கத்தி, டேப்பு. பலகையில் மூன்று துண்டுகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். ஒன்று தார் ஷீட், ஒன்று வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம், ஒன்று கம்பளி மாதிரியான ஃபெல்ட். ஒவ்வொன்றின் கீழும் அப்பாவின் கோணல் கையெழுத்து. தார் ஷீட்டுக்குக் கீழே "தகரம் அடங்கும்". ஃபோமுக்குக் கீழே "சூடு நிக்கும்". ஃபெல்ட்டுக்குக் கீழே "மழையில நாறும், வேண்டாம்".

சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மூத்தவள் பத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர் மூன்று வரியில் எழுதியிருந்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"யாரும் இல்ல அண்ணி. ஒட்டி ஒட்டிப் பாத்தோம். மாமா தகரத்தத் தட்டுவாரு, நான் கண்ண மூடிட்டுக் கேட்டுச் சொல்லணும். எனக்குத்தான் ஒரு காது இல்லையே." அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது காது கேட்காது. "எனக்குக் கேக்குற மாதிரி வண்டி அமைஞ்சா உலகத்துக்கே கேக்கும்னு சொல்லுவாரு. இஞ்சினப் போட்டுட்டு அவரு அங்க உக்காந்து மெதுவா ஏதாவது கத சொல்லுவாரு. நான் அப்படியே திருப்பிச் சொல்லணும். சொல்ல முடியலன்னா இன்னொரு ஷீட்டு."

"என்ன கத?"

"எல்லாந்தான். அத்தையப் பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு வண்டி பஞ்சராகி நடந்தே போனது. மொதல் தடவ லோடு கவுந்தது. நீங்க எடைமேடை மேலயே தூங்கிப் போயி, உங்களயும் சேத்து எடை போட்டது."

அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது அப்பா நடந்து போனார் என்பது மூத்தவளுக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயதில், அதையும் தம்பி மனைவி வாயால் கேட்கிறாள். மகளுக்கு இரைச்சலைக் கொடுத்தார். மருமகளுக்கு இரைச்சலை அடைத்துவிட்டுப் பேச்சைக் கொடுத்தார்.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். "இதுதான் என் வேலையே."

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தல் எதுவும் இல்லை. "கேட்டாரே அண்ணி. மொதல்ல உங்களுக்குத்தானே போன் பண்ணாரு. நீங்கதான் பக்கத்துல இருக்கிறவங்களக் கேக்கச் சொன்னீங்களாம். அதுக்கப்புறந்தான் என்னயக் கூப்பிட்டாரு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எட்டு மாதம் இருக்கும். மேஜையைச் சுற்றி ஆறு பேர் நிற்கும்போது அப்பா கூப்பிட்டார். கேபினுக்கு உள்ளே ஒட்ட வேண்டும், எதை வாங்குவது என்று கேட்டார். "சூட்ட அடைக்கிறது வேற, சத்தத்த அடைக்கிறது வேறப்பா, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. மீட்டிங்ல இருக்கேன், பக்கத்துல இருக்கிறவங்க யாரையாவது கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா "சரிம்மா" என்றார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன் அவர். தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்று தெரிந்துகொண்டு பக்கத்துத் தண்ணீரை மொண்டுகொண்டார்.

குற்றம் தன் பக்கம் இருப்பது தெரிந்தால் பொறாமை அடங்கும் என்பார்கள். அடங்கவில்லை. கொஞ்சம் கூடியது.

"இந்தப் பக்கத்துக்கு மட்டும் மாமா முடிவு பண்ணல அண்ணி" என்று தம்பி மனைவி செய்தித்தாள் அச்சு ஒன்றைத் தரையில் விரித்தாள். பிளவுஸுக்கு அளவு வெட்டுகிற கை, மூலை முடுக்கெல்லாம் அச்சு பிசகாமல் உட்கார்ந்தது. அதன் மேலும் அப்பாவின் கையெழுத்து: கிளீனர் கால். "தார் ஷீட்டப் போட்டு அதுக்கு மேல ஃபோம் ஒட்டினா ரெண்டும் நிக்கும். ஆனா தார் ஷீட்ட வெயில்ல எளக்கி, ரோலர் போட்டுத் தேச்சு முடிக்க ரெண்டு மணி நேரம் ஆயிரும். ஃபோம் மட்டும்னா அரை மணி நேரம். நீங்க சொல்லுங்க."

மணி பதினொன்று. ஒரு மணிக்குக் கிளம்புவதாக எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

"ஃபோம் மட்டும் போதும். பைப்பு கீழ இருக்கு, சூடுதான் பிரச்சன."

"சத்தம்?"

"ஒரு தடவதானே போகப் போறோம். பழகிக்கலாம்."

சொன்னது தொழில். சொல்ல வைத்தது வயிற்றெரிச்சல். ஒரு பக்கமாவது பழைய இரைச்சல் மிஞ்சட்டும் என்று இருந்தது அவளுக்கு. தம்பி மனைவி ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி அண்ணி, உங்களுக்குத் தெரியாததா" என்று கத்தியை எடுத்தாள்.

அவள் வெட்டிக்கொண்டிருக்கும்போது மூத்தவள் கேபினைச் சோதனை போட்டாள். வேலைத்தளத்துக்குப் போனால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி, டார்ச்சு அடித்து, நகத்தால் கீறி. எங்கேயாவது ஒரு பிழை கண்ணில் பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கூரையில் ஷீட்டுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லை. பின்சுவரில் இணைப்பு எல்லாம் டேப்பால் மூடியிருந்தது. பெடல் நுழைகிற ஓட்டைகளுக்குக்கூட அளவாக ரப்பர் வளையம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவள் கம்பெனி ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் டார்ச்சு நின்றது. நடுமேடு முழுவதும் தார் ஷீட், அதன்மேல் ஃபோம், அதன்மேல் கறுப்பு ரப்பர். மேட்டின் உச்சியில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் இல்லாமல் தகரம் தெரிந்தது. மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஏம்மா, இங்க பாரு. ஊரெல்லாம் அடச்சிட்டு நடுவீட்டத் தொறந்து விட்ட மாதிரி இருக்கு. மொத்தச் சூடும் இதுவழியாத்தான் வரும், சத்தமும் இதுவழியாத்தான் வரும். நீங்க ஒட்டினதுல பாதி இதனால வீணு. இதக்கூடவா பாக்கல?"

தம்பி மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு தடவ சொன்னேன் அண்ணி. அச்சுகூட வெட்டி வச்சிருக்கேன்." செய்தித்தாள் கட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டை உருவிக் காட்டினாள். அதில் அப்பா எதுவும் எழுதியிருக்கவில்லை. "மாமா ஒட்ட விடல. அது அப்படியே இருக்கணும்னாரு. பெயிண்டரண்ணன் பிரஷ்ஷக்கூட அங்க வைக்க விடல. எதுக்கு மாமான்னு கேட்டா சிரிப்பாரு. இஞ்சின் ஓடுறப்ப எனக்கு இந்தக் காதுல இரைச்சல் வர்றதே இதனாலதான். அதச் சொல்லியும் கேக்கல."

மூத்தவள் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். மறந்துபோன இடத்துக்கு யாரும் ஓரம் கட்டுவதில்லை. இதைச் சுற்றி டேப்பு நாலு பக்கமும் நேராக ஒட்டி முடித்திருந்தது. நடுவில் தகரம் பச்சையாக இல்லை, பழைய பெயிண்டும் இல்லை. தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாகி, விரல் முட்டி அளவுக்கு லேசாகக் குழிந்திருந்தது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தால் ஐந்து வயதுக் கை எட்டுகிற இடம். கியரிலிருந்து இறங்கினால் டிரைவரின் இடதுகை வந்து விழுகிற இடம்.

டார்ச்சை அணைத்தாள்.

"என்ன அண்ணி? இப்பவாவது ஒட்டிரலாமா? நீங்க சொன்னா சரிதான்."

சொல்லியிருக்கலாம். நீ கேட்ட கதையெல்லாம் உனக்கு, இது எனக்கு என்று ஒரே வரியில் கணக்கை நேர் செய்திருக்கலாம். காலையிலிருந்து அவள் தேடியது அந்த ஒரு வரியைத்தான். ஆனால் சொன்னால் இவள் உடனே, அப்படியா அண்ணி என்று கையை நீட்டித் தட்டிப் பார்ப்பாள். நல்ல மனசோடுதான் தட்டுவாள். அதை நினைக்கவே மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள். "கியர் பெட்டிக்கு அந்த இடத்துல காத்து வேணும். மூடினா கொதிச்சுப் போயிரும். அப்பா செஞ்சதுதான் சரி."

இருபது வருஷத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய். தம்பி மனைவி அப்படியே நம்பினாள். "அட, அதுக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் சண்ட போட்டிருக்க மாட்டேனே" என்று அந்தக் காகிதத் துண்டை நாலாக மடித்தாள். மடிக்கும்போதுதான் அவள் கண் கலங்கியது. காலையிலிருந்து சமையலறைக்கும் ஷெட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தவள் அழுவதை மூத்தவள் இப்போதுதான் பார்த்தாள். "கடைசியாவும் அதுக்குத்தான் அண்ணி சண்ட போட்டேன். டீயக் குடுத்துட்டு, இன்னிக்கு அத அடைக்காட்டி நான் வண்டில ஏற மாட்டேன்னு சொன்னேன். சிரிச்சாரு. நான் கோவமாத் திரும்பி நின்னுக்கிட்டேன். டம்ளர் விழுந்தது எனக்குக் கேக்கல."

எந்தக் காதுப் பக்கம் திரும்பி நின்றாள் என்று மூத்தவள் கேட்கவில்லை. தரையில் விரித்திருந்த அச்சின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"தார் ஷீட்டு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஏன்?"

"எடுத்துட்டு வா. வெயில்ல போடு. அடியில அதப் போட்டுட்டு அப்புறம் ஃபோம் ஒட்டுவோம்."

"நேரமாயிரும் அண்ணி."

"ஆகட்டும். உன் காதுக்கு இரைச்சல் ஆகாது. ரோலர நான் புடிக்கிறேன்."

தம்பி வந்து வந்து மணி பார்த்துவிட்டுப் போனான். சொந்தக்காரர்கள் நாற்காலிகளை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு வண்டிக்குள் என்ன வேலை என்று யாரோ கேட்டதும், அப்பாவுக்குப் பிறந்தது அப்படித்தான் இருக்கும் என்று பெயிண்டர் பதில் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. வெயிலில் இளகிய தார் ஷீட்டை மதில்மேலிருந்து தம்பி மனைவி குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மூத்தவள் மண்டிபோட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரைத் தள்ளினாள். மணிக்கட்டு வலித்தது.

மூன்று மணிக்கு அப்பாவைப் பின்னால் ஏற்றினார்கள். உறவினர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். தம்பி வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவன் பக்கத்தில், நடுமேட்டை ஒட்டி மூத்தவள் உட்கார்ந்தாள். தம்பி மனைவி ஜன்னலோரம்.

"கிளீனர் ஏறியாச்சா?" என்று இடதுபக்கம் வெளியே நின்ற பெயிண்டர் கேட்டார்.

அது தம்பி மனைவியின் கேட்காத காதுப் பக்கம். அவள் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"ஏறியாச்சுண்ணே" என்றாள் மூத்தவள்.

வண்டி ஊரைத் தாண்டியது. பத்து கிலோமீட்டர் ஆனது, இருபது ஆனது, காலுக்குக் கீழே வெதுவெதுப்புகூட இல்லை. இஞ்சின் எங்கோ அடுத்த அறையில் ஓடுவதுபோல இருந்தது. தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பஸ் பின்னாடியே வருது" என்று தம்பி மனைவி சாதாரணக் குரலில் சொன்னது இரண்டு பேருக்கும் கேட்டது. மத்தியான வெயில் கண்ணாடி வழியாக மூன்று பேர் மடியிலும் விழுந்தது. முந்தின ராத்திரி தூங்காத தம்பிக்குக் கண் ஒரு தடவை சொருகி மீண்டது.

மூத்தவள் சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள். கையைக் கீழே இறக்கி, அந்தக் குழியில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள்.

தம்பி மனைவி தலையைத் திருப்பினாள். "ஏதோ தட்டுச்சே அண்ணி."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்க?"

"ஒண்ணுமில்ல. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

சொல்லிவிட்டு உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தாள். இரண்டு தட்டு வருகிற நேரம் வரைக்கும் வைத்திருந்தாள். பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். தகரம் சுட ஆரம்பித்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.